அவளுக்குப் பிடிக்காத டைல்ஸ்

வேண்டாம்மா, அவரைக் கூப்பிடாதீங்க. அந்தக் கண்ணாடி போட்ட தம்பியைத்தானே சொல்றீங்க? நான் உள்ள நுழையறதைப் பாத்ததுமே அந்தப் பசை மூட்டை அடுக்குக்குப் பின்னாடி குனிஞ்சாரு. நானும் பாக்காத மாதிரியே வந்துட்டேன். பாவம், அவரும் மனுஷன்தானே. எத்தனை வாட்டிதான் அதே அலமாரியைத் தொறந்து, அதே டைல்ஸ் பலகையை எடுத்து வெளிய வைப்பாரு. நீங்க புதுசு போல. அதான் சிரிச்ச முகமா உக்காருங்கன்னு சொல்றீங்க. இங்க பழைய ஆளுங்க யாரும் என்னை உக்காரச் சொல்றதில்லை. உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்னு பயம்.

பெரிய சமாச்சாரம் எல்லாம் ஒண்ணும் இல்லம்மா. வீட்டுக்குப் பின்னாடி ஒரு நீச்சல் குளம் இருக்கு. பழசு. பூச்சு எல்லாம் பேந்துபோய், காலை வச்சா கீறி விடுது. அதைக் கொத்திட்டுப் புதுசாப் போடணும். உள்ள முழுக்க டைல்ஸ், இல்லைன்னா ஒரு பூச்சு. தண்ணி மட்டத்துல சுத்தி வர ஒரு வரிசை டைல்ஸ். படிக்கு வழுக்காத மாதிரி ஏதாவது ஒண்ணு. மேல ஓரத்துக்குக் கல்லு. அவ்வளவுதான். சமைஞ்ச பொண்ணுக்கு நகை வாங்கற மாதிரி இதுக்குப் போய் அலைய விட்டுட்டா என் வீட்டுக்காரி.

ஆமா, அவளாலதான் எல்லாம். உங்க கடைக்காரங்க மேல ஒரு குத்தமும் இல்லை.

இன்னிக்கு முடிவு பண்ணிட்டுத்தான் போவேன், நீங்க பயப்படாதீங்க. பண்ணலைன்னா மேஸ்திரி வேற வேலைக்குப் போயிடுவேன்னு நேத்தே சொல்லிட்டாரு. நல்ல மனுஷன்தான், ஆனா அவருக்கும் பொறுமைன்னு ஒண்ணு இருக்கில்ல. அவரு வந்து சுத்தியல் காம்பால குளத்துச் செவுத்தைத் தட்டித் தட்டிப் பாத்து, எங்கெங்க பொள்ளல் சத்தம் கேக்குதோ அங்கெல்லாம் சுண்ணாம்பால வட்டம் போட்டு, மொத்தத்தையும் கொத்தி எடுத்து, சிமெண்ட்டு பூசிக் காய வச்சு, எல்லாம் தயாரா வச்சுட்டாரு. இனி டைல்ஸ் வந்தா ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. டைல்ஸ் வரலை. அவரு தினமும் வர்றாரு, டீயைக் குடிச்சுட்டுக் குளத்தை எட்டிப் பாத்துட்டுப் போறாரு. நேத்து கேட்டாரு, ஏன் சார், குளம்தானே கட்டறோம், அரண்மனையா கட்டறோம்னு. என்னால தலை நிமிர முடியலை.

காலையில பெரியவன் போன். என் பையன்தான். அப்பா, அம்மாவை விட்டுட்டு நீங்க மட்டும் போங்க, ஏதோ ஒரு நீலத்தை வாங்கிப் போட்டு இந்த விஷயத்தை இன்னியோட முடிங்கங்கறான். ஏதோ ஒரு நீலமாம். அவனுக்கென்ன, வாயால சொல்லிட்டுப் போனை வச்சுட்டான்.

அந்தப் பலகையா? அது வேண்டாம்மா. அதை மூணு வாட்டி வீட்டுக்குக் கொண்டுபோயாச்சு. முதல்ல, பாத்ரூம் மாதிரி இருக்குன்னா. ரெண்டாவது வாட்டி, வெயில்ல கண்ணு கூசுதுன்னா. மூணாவது வாட்டி என்ன சொன்னா தெரியுமா, இதைப் பாத்தா எனக்குத் தூக்கம் வருதுங்கன்னா. டைல்ஸைப் பாத்துத் தூக்கம் வர்ற பொம்பளையை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?

அந்தக் கரு நீலமும் வேண்டாம். அது போட்டா ஆழம் தெரியாதாம், பயமா இருக்காம். சரின்னு வெள்ளையைக் காட்டினேன். அது போட்டா அடி வரைக்கும் தெரியுது, அதுவும் பயமா இருக்குன்னா. பச்சையைக் காட்டினா, பாசி பிடிச்சாலும் தெரியாதுங்கறா. சாம்பல் கலரைக் காட்டினா, பாசி பிடிச்சா தெரியுமேங்கறா. கண்ணாடி டைல்ஸ் காட்டினேன், விளிம்பு கையைக் கிழிக்கும்னா. நம்ம வீட்டுல இப்ப யாரு கையைக் கொண்டுபோய் அங்க தேய்க்கப் போறாங்கன்னு கேட்டேன். அதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா.

கூழாங்கல் பூச்சா? அதையும் பாத்தாச்சு. அது உள்ளங்காலைக் குத்துமாம். இத்தனைக்கும் அவளுக்கு நீந்தவே தெரியாது. அந்த வீட்டுக்குக் குடி வந்த நாள்ல இருந்து ஒருநாள் கழுத்தளவு தண்ணியில இறங்கினது இல்லை. ரெண்டாவது படியில உக்காந்து, துணியை முழங்காலுக்கு ஏத்திச் சொருகிக்கிட்டு, காலை மட்டும் உள்ள விட்டுட்டு உக்காந்திருப்பா. நான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீந்திக்கிட்டு இருப்பேன். ஒவ்வொரு தடவையும் இந்தப் பக்கம் வரும்போது ஏதாவது பாதிச் சேதி சொல்லுவா. அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தாத்தான் மீதி. அப்படித்தான் ஊர் வம்பு எல்லாம் எனக்குத் தெரியும். இப்ப முழங்கால் வலி, நானும் இறங்கறதில்லை.

அதான் சொல்றேனே, யாரும் நீந்தப் போறதில்லை. பேரப் பசங்க வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா உண்டு. அப்புறம் எதுக்கு இந்த வேலைன்னு கேக்கறீங்க. நியாயம்தான். விக்கறதுக்குத்தாம்மா. வீட்டை விக்கப் போறோம். புரோக்கர் வந்து பாத்துட்டு, வீடு பிரமாதம் சார், ஆனா அந்தக் குளத்தைப் பாத்தா வாங்க வர்றவங்க அப்படியே வாசலோட திரும்பிப் போயிடுவாங்க, முதல்ல அதைச் சரி பண்ணுங்கன்னாரு. ரெண்டு ஆளுங்க வாங்கறதுக்கும் ரெடி. குளம் முடிஞ்சதும் சொல்லுங்கன்னு காத்துக்கிட்டு இருக்காங்க.

இதுல கூத்தைக் கேளுங்க. யாரோ ஒருத்தன் நீந்தப் போற குளம். அதுக்கு இவளுக்குப் பிடிச்ச கலர் வேணுமாம். நானும் பொறுமையா எடுத்துச் சொன்னேன், இந்தாம்மா, வர்றவனுக்குப் பிடிச்சாப் போதும், எல்லாருக்கும் பொதுவா ஒரு இளநீலத்தைப் போட்டுட்டுப் போவோம்னு. அதெப்படி, நம்ம கையால செய்யறதை நல்லாச் செய்ய வேண்டாமாங்கறா.

குடுங்க, தண்ணி குடுங்க. பேசிப் பேசித் தொண்டை காஞ்சு போச்சு.

தண்ணின்னதும் ஞாபகம் வருது, உங்க கண்ணாடி போட்ட தம்பி ஆரம்பத்துல ஒரு யோசனை சொன்னாரு. டைல்ஸைக் கையில வச்சுப் பாக்காதீங்க சார், தண்ணிக்குள்ள போட்டுப் பாருங்க, நனைஞ்சாத்தான் நிஜக் கலர் தெரியும்னாரு. நல்ல யோசனைதானே. வீட்டுக்குப் போனதும் ஒரு பக்கெட்ல தண்ணி பிடிச்சு, கொண்டுபோன டைல்ஸ் துண்டை எல்லாம் ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்தோம். காலி குளத்துக்குள்ள இறங்கி, படியில உக்காந்து, பக்கெட்டை நடுவுல வச்சுக்கிட்டு, ரெண்டு பேரும் குனிஞ்சு குனிஞ்சு பாக்கறோம். எதைப் போட்டாலும் நீலமாத்தான் தெரியுது. வெள்ளையும் நீலம், சாம்பலும் நீலம், மணல் கலரும் நீலம். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு, எதைன்னு எடுக்கறதுங்கறா. எனக்கும் அப்படித்தான் தெரியுது. அத்தனையையும் தூக்கிக்கிட்டு மறுபடி இங்க வந்து, என்னய்யா கடை நடத்தறீங்க, எல்லா டைல்ஸும் ஒரே கலர்னு சண்டைக்கு நின்னேன்.

அந்தத் தம்பி ஒவ்வொரு துண்டையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் மெதுவாக் கேட்டாரு, சார், பக்கெட் என்ன கலருன்னு.

நீல பக்கெட்.

சிரிங்க, சிரிங்க. அன்னிக்கு இந்தக் கடையே சிரிச்சுது. கல்லாவுல இருக்கறவரு கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. நான் இஞ்சினியரிங் படிச்சுட்டு வேலை பாத்து ஓய்வு வாங்கினவன்மா. அவ ஒரு பள்ளிக்கூடத்துக்கே தலைமை டீச்சரா இருந்தவ. ரெண்டு பேரும் தலையோட தலை முட்டறாப்புல குனிஞ்சு பாத்திருக்கோம், ஒருத்தருக்குக் கூட அந்த பக்கெட் கண்ணுல படலை.

சரி, தப்பு நடந்து போச்சு. போற வழியிலயே ஒரு வெள்ளை பேசின் வாங்கிட்டுப் போனேன். அவகிட்ட விஷயத்தைச் சொன்னா, அவளுக்கும் சிரிப்பு தாங்கலை. இனிமே இதுல பாப்போம்னு குளத்துப் பக்கமா வச்சுட்டு, நான் வேற வேலையாப் போயிட்டேன். மறுநாள் பாத்தா, அந்த பேசின்ல துணி ஊறுது. இவ பழையபடி அதே நீல பக்கெட்டை நடுவுல வச்சுக்கிட்டு, வாங்க, இந்தத் துண்டைப் பாக்கலாம்னு கூப்பிடறா.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. ஏன் இப்படிப் பண்றே நீன்னு கத்தினேன். பேசின்ல துணி இருக்கே, எடுக்க முடியாதேங்கறா. துணியை எடுத்து வேற எதுலயாவது போட முடியாதா? அவளுக்குத் தெரியாதா அது? நறுக்குன்னு நாலு வார்த்தை திட்டிட்டு உள்ள போயிட்டேன். அவ பாட்டுக்கு அங்கயே உக்காந்து, ஒவ்வொரு துண்டா எடுத்துத் தண்ணியில போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தா.

மேஸ்திரி இன்னொரு உபகாரம் வேற பண்ணினாரு. அம்மா தூரத்துல இருந்து பாக்கட்டும்னு, குளத்துச் செவுத்துல எல்லா மாதிரித் துண்டையும் வரிசையா ஒட்டி வச்சாரு. பாக்கறதுக்குப் பல் செட்டுல ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு ஆளோடது மாதிரி இருக்கு. சமையக்கட்டு ஜன்னல்ல இருந்து பாத்தா நேராத் தெரியும். காலையில ஒரு தடவை கூப்பிடுவா, இப்ப பாருங்க, வெயில் இல்லாம எப்படி இருக்குன்னு. மத்தியானம் ஒரு தடவை. சாயங்காலம் ஒரு தடவை. நான் பேப்பரைக் கீழ வச்சுட்டு, வலிக்கற முழங்காலோட எந்திரிச்சுப் போய், அவ பக்கத்துல நின்னு பாக்கணும். பாத்துட்டு ஒரு அபிப்பிராயம் சொல்லணும். நான் என்ன சொன்னாலும் அது இல்லைன்னு அவ சொல்லணும். இதுதான் எங்க வீட்டுல இப்ப பொழப்பு.

நீங்க நம்ப மாட்டீங்க, அவ இப்படிப்பட்டவளே கிடையாதும்மா. துணிக்கடைக்குப் போனா, கடைக்காரன் முதல்ல எதை எடுத்துப் போடறானோ அதையே கட்டுங்கன்னு சொல்லிட்டு எந்திரிச்சுருவா. கூட வந்த பொம்பளைங்களுக்கு எல்லாம் எரிச்சலா இருக்கும். இந்த வீட்டைப் பாக்க வந்தப்போ வாசல் கேட்டுலயே நின்னு இதுதான்னுட்டா. உள்ள வந்து கூடப் பாக்கலை. அவ்வளவு ஏன், என்னையே பாத்த மாத்திரத்துல சரின்னு சொன்னவ. அங்கயாவது கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்.

மணல் கலரா? எங்க, காட்டுங்க. இது புதுசா வந்ததா? இதை அந்தத் தம்பி காட்டவே இல்லையே. ம். தொட்டுப் பாக்கறேன். சொரசொரப்பாவும் இல்லை, வழுக்கவும் செய்யாது. தண்ணி விட்டா லேசாப் பச்சை அடிக்குமா? கடல் ஓரத்துத் தண்ணி மாதிரின்னு சொல்லுங்க. படிக்கும் இதுலயே தடிமனா வருதா? சரி. ஓரக்கல்லும் இதுக்குச் சேந்த மாதிரி இருக்கா. சரி, சரி. நல்லாருக்கும்மா. நிஜமாவே நல்லாருக்கு. இதைக் குத்தம் சொல்ல முடியாது. உப்புக் கறை படிஞ்சாலும் எடுப்பாத் தெரியாது.

ஸ்டாக் எல்லாம் இருக்கா? இன்னிக்கே அனுப்பிடுவீங்களா. அப்ப மேஸ்திரி நாளைக்கே ஆரம்பிச்சுடுவாரு. அவரு கை வேகம், ஆரம்பிச்சா மளமளன்னு முடிச்சுட்டுத்தான் நிப்பாரு. அப்புறம் தண்ணி விட்டு, புரோக்கருக்கு ஒரு போன் போட வேண்டியதுதான்.

விலாசமா? இருங்க, சொல்றேன்.

வித்துட்டு எங்க போகப் போறோம்னா... அதெல்லாம் பசங்க பேசி முடிவு பண்ணிட்டாங்கம்மா. எனக்கு ஒருநாள் தலை சுத்தி மாடிப் படியில விழுந்துட்டேன். அதுல இருந்து ரெண்டு பேரும் பயந்துட்டாங்க. அவ்வளவு பெரிய வீட்டுல நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நல்ல பசங்க. ஒரு குறையும் சொல்ல முடியாது. பெரியவன் வீடு சின்னது, ஒரே ஒரு ரூம் தர முடியும், அதுலயும் ஒரு கட்டில்தான் பிடிக்கும். சின்னவளுக்கு, என் பொண்ணுக்கு, கைக்குழந்தை. அவளும் வேலைக்குப் போறா, அம்மா கூட இருந்தா ஒத்தாசையா இருக்கும். அதனால அம்மா பொண்ணு வீட்டுக்கு, அப்பா பையன் வீட்டுக்கு. அப்படிப் பிரிச்சுக்கிட்டாங்க.

பக்கம் எல்லாம் இல்லைம்மா. அவ இருக்கறது ஒரு ஊரு, இவன் இருக்கறது வேற ஊரு. விமானத்துலதான் போகணும். போன்ல மூஞ்சி பாத்துப் பேசிக்கலாம்ப்பான்னு சின்னவ சொன்னா. பேசிக்கலாம்தான்.

நானும் சரின்னு தலையாட்டிட்டேன். அதுல என்ன தப்பு இருக்கு? நாலு பேரும் உக்காந்து பேசினப்போ அவளும் அங்கதான் இருந்தா. சரி, குளத்தை முதல்ல முடிச்சுடுவோம்னு மட்டும் சொன்னா. அவளுக்கும் சம்மதம்தான் போலன்னு நான் நினைச்சுக்கிட்டேன். அதுக்கு அடுத்த நாள் ஆரம்பிச்சதும்மா, இந்த டைல்ஸ் பிடிக்கலை, அந்த டைல்ஸ் பிடிக்கலைன்னு.

இன்னிக்குக் காலையில கிளம்பும்போது எங்கன்னு கேட்டா. டைல்ஸ் கடைக்கு, நானே போய் முடிவு பண்ணிட்டு வர்றேன், நீ வந்தா விடியாதுன்னு கோபமாத்தான் சொன்னேன். அவ ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டே, முடிவே பண்ணிடப் போறீங்களான்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா. அதுக்கும் எரிஞ்சு விழுந்துட்டு வந்துட்டேன். பஸ்ஸுல வரும்போது கூடப் புரியலை, இப்ப உங்ககிட்டச் சொல்லச் சொல்லத்தான் எனக்கு உறைக்குது, அவ டைல்ஸைக் கேக்கலைன்னு. நான் கொஞ்சம் மந்தம்மா, இந்த விஷயத்துல எல்லாம்.

இல்லை, ஒண்ணும் இல்லை. கண்ணுல தூசி. உங்க கடையில டைல்ஸ் அறுக்கறாங்க இல்ல.

பில்லு போட்டுட்டீங்களா? கிழிச்சுடுங்க, தப்பா நினைச்சுக்காதீங்க. நல்ல டைல்ஸ்தான், நான் இல்லைன்னு சொல்லலை. அதனாலதான் வேண்டாங்கறேன். மேஸ்திரி போனாப் போகட்டும், நான் பேசிக்கறேன். என் பையன் உங்களுக்குப் போன் பண்ணுவான், கண்டிப்பாப் பண்ணுவான். அவன் கேட்டா, பிடிக்கலைன்னு சொன்னது அப்பான்னு சொல்லுங்க. அம்மா இல்லை, அப்பா. இத்தனை நாளும் அவ ஒருத்தியே எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கிக்கிட்டு இருந்துட்டா.

சரி, அந்த மேல் தட்டுல இருக்கறதை எடுங்க. அது என்ன கலரு? பழுப்பா? அதுல ஒரு துண்டு குடுங்க, வீட்டுக்குக் கொண்டுபோய் ரெண்டு பேருமாப் பாத்துட்டு வர்றோம். பிடிக்காது. இருந்தாலும் பாத்துட்டு வந்து சொல்றோம்.